ஹில்மனும் ஒலுவிலும்

பழைய தொடர்களைத் தூசு தட்டி மறுபடி எடுக்கும் காலம் இது. எனக்கு அதில் பெரிய ஆசை கிடையாது. நாயகனுக்கு நரை, நாயகிக்கு மூக்குக்கண்ணாடி, பின்னால் பழைய பாட்டு. பார்க்கிறவருக்குத் தன் வயதை எண்ணி ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். ஆனால் 'எ டிஃபரன்ட் வேர்ல்ட்' திரும்பி வருகிறது என்ற செய்தியை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. 1987 முதல் 1993 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆறு பருவங்கள் ஓடிய நகைச்சுவைத் தொடர் அது. வர்ஜீனியாவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஹில்மன் என்ற கறுப்பினத்தவர் கல்லூரிதான் களம். அங்கே காதலித்துக் கல்யாணம் முடித்த டுவைன், விட்லி தம்பதியின் கடைசி மகள் அதே கல்லூரிக்குப் படிக்க வருவதாக இப்போது நெட்பிளிக்ஸ் கதையைத் தொடர்கிறது.

அடிமைமுறை ஒழிந்தும் வெள்ளையர் கல்லூரிகள் கதவைத் திறக்காத நாட்டில் எழுந்தவை இந்தக் கல்லூரிகள். ஹோவார்ட், மோர்ஹவுஸ் இரண்டும் 1867இல், பெண்களுக்கான ஸ்பெல்மன் 1881இல். கல்முனைக்குடிக்காரனுக்கு இதைப் படித்ததும் ஒலுவில் நினைவுக்கு வராவிட்டால்தான் அதிசயம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் பிள்ளைகளின் அவதியில் பிறந்தது நம் கெம்பஸ். எம்.எச்.எம். அஷ்ரப் விடாமல் நின்றதில் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அது இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட விலங்கு. ஆனால் கதவு மூடினால் சொந்த வீடு கட்டுகிற குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தங்கையின் மகன் லெப்டொப்பில் பழைய அத்தியாயம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். பாதியில், "மாமா, இதுல வில்லன் ஆரு?" என்று கேட்டான். வில்லனே இல்லை. பணக்கார வீட்டு விட்லி தெற்கத்திய இழுவையோடு பேசிப் பேசியே எல்லாரையும் கீழே பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடியின் கறுப்புச் சில்லை மேலே தூக்கித் தூக்கி விடும் புரூக்ளின் பொடியன் டுவைன் கணக்கில் சூரன். ஊர்வலமென்றால் முதல் ஆளாகப் போகும் ஃபிரெடி, டொக்டராகத் துடிக்கும் கிம், கணக்குப் பாடம் எடுக்கும் முன்னாள் இராணுவக் கேர்ணல், சாப்பாட்டுக் கடை நடத்தும் கெய்ன்ஸ். அத்தனை பேரும் கறுப்பர். ஆகவே அதில் ஒருவருமே 'கறுப்பர்' என்ற பாத்திரமாக நிற்க வேண்டியதில்லை. சண்டை, பொறாமை, காதல், கஞ்சத்தனம் எல்லாம் தங்களுக்குள்ளேயே.

நம் வானொலியில் இதற்கு நேர்மாறான ஒரு வெற்றி இருந்தது. 'கோமாளிகளின் கும்மாளம்' நினைவிருக்கிறவர்கள் இன்றும் சிரிப்பார்கள். ராம்தாஸ் முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார், ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, செல்வசேகரன் சிங்கள வாடைத் தமிழ் பேசும் உபாலி, நம் அப்துல் ஹமீது பிராமணத் தமிழ் பேசும் ஐயர். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. ஓர் இந்து முஸ்லிமாகவும் ஒரு முஸ்லிம் ஐயராகவும் பேசிச் சிரிக்க வைத்த அந்தக் காலத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். இனத்துக்கு ஒருவர் என்று அனுப்பினால், போகிறவர் தன் இனத்தின் பேச்சையும் பழக்கத்தையும் மூட்டையாகச் சுமந்துகொண்டுதான் மேடை ஏற வேண்டும். வாப்பா மரிக்காரை ரசித்துக் கேட்டார். ஆனால் அது கொழும்புப் பக்கத்துப் பேச்சு. 'மறுகா', 'இரிக்கி' என்று பேசும் கல்முனைக்குடிக்காரனுக்கு அதில் இடமில்லை.

ஹில்மனும் எடுத்த எடுப்பிலேயே சரியாக அமைந்ததல்ல. முதல் பருவத்தைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. உயிர் இல்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். இரண்டாம் பருவத்தில் பொறுப்பேற்ற டெபி அலன் ஹோவார்டில் படித்தவர். எழுத்தாளர்களைக் கூட்டிக்கொண்டு அட்லாண்டாக் கல்லூரிகளுக்கே போனார். பிள்ளைகளிடம் என்ன பேசுகிறீர்கள், எதற்குச் சண்டை பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தென்னாபிரிக்க இனவொதுக்கல், எயிட்ஸ், 1992 லொஸ் ஏஞ்சலிஸ் கலவரம் எல்லாம் அந்த நகைச்சுவைக்குள் வந்தன. புதிய தொடர் தேற வேண்டுமானால் பழைய முகங்களைக் காட்டினால் மட்டும் போதாது, அந்தப் பழக்கத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. இது 'கொஸ்பி ஷோ'விலிருந்து கிளைத்த தொடர். பல பெண்களின் பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான பில் கொஸ்பி 2018இல் குற்றவாளியாகி, 2021இல் அந்தத் தீர்ப்பு இரத்தானது. பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று 1989இலேயே ஓர் அத்தியாயம் எடுத்த தொடர், இதைப் பார்க்காதது போல நடந்தால் எனக்குப் பிடிக்காது.

ஒலுவிலில் கதைக்கா பஞ்சம்? காரைதீவு, நிந்தவூர் தாண்டி வரும் பின்னேரத்து பஸ்ஸில் ஒருநாள் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒன்று கொண்டக்டரிடம், "மறுகா மிச்சக் காசி?" என்று கேட்டது. சாய்ந்தமருதுச் சிநேகிதி பழக்கிவிட்ட தமிழ். "இரிக்கி புள்ள, இறங்கக்குள்ள தாறன்" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது, அந்தப் பிள்ளையும் சேர்ந்துதான். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்றிய குடும்பத்துப் பொடியன், காத்தான்குடிக் கடைக்காரரின் மகள், பேருவளைக்காரன், காரைதீவுத் தமிழ்ப் பிள்ளை, மாத்தறைச் சிங்களவன் எல்லாரும் ஒரே கென்டீனில் ஒரே பிளேன்டீக்குக் காத்து நிற்கிறார்கள். மகாபொல காசு வரப் பிந்தினால் யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதற்கே ஓர் அத்தியாயம் போதும். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்தும் அது ஏன் இன்னும் சாகவில்லை என்பதற்கு இரண்டு வேண்டும்.

இதற்குப் பெரிய நிலையமோ கொழும்பில் ஸ்டூடியோவோ தேவையில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகள் இரண்டு போனை வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகள் நம் குறையையும் சேர்த்துச் சிரிப்பாக்குவார்கள். சீதனம் வாங்கும் மாப்பிள்ளை வருவான், பள்ளிவாசல் நிர்வாகத்துச் சண்டை வரும், நம் வாய்ப்பேச்சு அப்படியே வரும். ஊரைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று முதல் வாரமே முறைப்பாட்டுக் கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒரு பருவமாவது ஓடட்டும்.