மெராரியின் பலகைகள்



எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வெள்ளித் தாலங்களும் கலங்களும் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப வருவதால் கண் சோர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு போக்குவரத்துக் கணக்கு இருக்கிறது. இந்த வாரம் அதை உங்களோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன்.

இஸ்ரவேலின் பிரபுக்கள் ஆறு கூண்டு வண்டில்களையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டுவந்தார்கள். மோசே அவற்றைச் சமமாகப் பங்கிடவில்லை. திரைகளையும் மூடுதிரைகளையும் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்கள். மெராரி புத்திரருக்கு நான்கு. பரிசுத்தப் பணிமுட்டுகளைத் தோளில் சுமக்க வேண்டிய கோகாத் புத்திரருக்கு ஒன்றுமில்லை. மெராரிக்கு ஏன் நான்கு? அவர்கள் பொறுப்பில் இருந்தவை ஆசரிப்புக்கூடாரத்தின் பலகைகள். 48 பலகைகள், ஒவ்வொன்றும் பத்து முழ நீளம், ஒன்றரை முழ அகலம். முழத்தை ஒன்றரை அடி என்று கொண்டால், 15 அடி நீளப் பலகை! அவற்றோடு தாழ்ப்பாள்கள், தூண்கள், ஒரு தாலந்து எடையுள்ள வெள்ளிப் பாதங்கள் வேறு. அத்தனையையும் வனாந்தரத்தில் கொண்டுபோக வேண்டும்.

இந்தப் பகுதி என் மனதில் வந்து நின்றதற்கு நம்முடைய ஆலயத்தின் பின்னறையில் சாய்ந்து நிற்கும் ஒரு பலகையே காரணம். அது என்னவென்று சென்ற ஞாயிறு சிறு பிள்ளைகள் கேட்டார்கள். அது அலைச்சறுக்குப் பலகை. ஜவ்வாது மலைக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர்களும் கேட்டீர்கள்.

நம் சபையின் தம்பி ஒருவன் சில ஆண்டுகளாகச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்தான். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கைத் தாமே கற்று, தம் ஊர் இளைஞருக்கும் கற்பித்துப் பெயர் பெற்ற ஊர் அது. கடலையே காணாமல் வளர்ந்த நம் தம்பியும் அங்கே கற்றுக்கொண்டான். விடுதிக்கு வந்த விருந்தினர் ஒருவர் தம் பழைய பலகையை அவனுக்கே கொடுத்துவிட்டுச் சென்றார். இப்பொழுது கர்நாடகக் கரையில், மங்களூருவுக்கு வடக்கே உள்ள முல்கியில், பயிற்சியாளருக்கு உதவியாளாக வேலை கிடைத்திருக்கிறது. 2004-இல் நாட்டின் முதல் அலைச்சறுக்கு மன்றம் தோன்றிய ஊர் முல்கி. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் அங்கே பருவம் தொடங்கும். பலகையோடு வந்தால்தான் வேலை.

கூரியரில் அனுப்பலாமே என்றுதான் எல்லாரும் முதலில் சொன்னோம். அங்கே எடையைவிட இடத்துக்கே விலை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதையே எடையாகக் கொள்வது அவர்களிடம் பரவலான வழக்கம். சாக்கும் துணியும் சுற்றினால் நம் பலகை 280 நீளம், 60 அகலம், 15 உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 கிலோவுக்கு மேல் வருகிறது. தூக்கிப் பார்த்தால் ஏழெட்டுக் கிலோதான். உள்ளே நுரை, மேலே மெல்லிய ஃபைபர் கிளாஸ், அவ்வளவே. கேட்ட தொகை பழைய பலகையின் விலையை நெருங்கியது. "ஐயா, இதை இங்கேயே விட்டுவிட்டு, வேறு ஏதாவது வேலைக்குப் போய்விடட்டுமா?" என்று தம்பி கேட்டான்.

பிரியமானவர்களே, "வேறு ஏதாவது வேலை" என்ற சொற்களை இந்த மலையில் இலேசாகக் கேட்க என்னால் இயலவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கூலிக்கு மரம் வெட்டவும் சுமக்கவும் அழைத்தார்கள் என்று இறங்கிப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் தாய்மாருக்குத் தெரியும். செம்மரக்கட்டையைத் தோளில் ஏற்றிவிட இங்கே தரகர்கள் வருகிறார்கள். வழிச்செலவும் அவர்களே தருகிறார்கள். ஒருவன் நேர்மையான பலகை ஒன்றைச் சுமந்துபோக விரும்பும்போது வழிச்செலவுக்கு ஆள் இல்லை என்று நாம் சொல்லலாமா? கடலில் விளையாடுவதும் ஒரு பிழைப்பா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நீந்தக் கற்பிப்பதும் அலையை அறியக் கற்பிப்பதும் பிழைப்புதான் என்றே நான் எண்ணுகிறேன். பவுலோடு கப்பற்சேதத்தில் அகப்பட்ட 276 பேரில் நீந்தத் தெரியாதவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பற்றிக்கொண்டே மெலித்தா தீவில் கரையேறினார்கள்.

விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு 100 × 60 × 25 சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்டதைப் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்து, அதே வண்டியின் பிரேக் வேனில் ஏற்றிவிட வேண்டும். கட்டணம் கூரியர் கேட்டதில் ஒரு சிறு பங்கே. நமக்கு அருகில் ஜோலார்பேட்டை இருக்கிறதே என்பீர்கள். நடுவழி நிலையங்களில் வண்டி நிற்கும் நேரம் சொற்பம். இத்தனை நீளமான பொருளை அவசரமாகத் தள்ளினால் விளிம்பு விரிசல் விடும், பிறகு உள்ளே நீர் ஏறும். ஆகவே வண்டி புறப்படும் சென்னை சென்ட்ரலில் ஏற்றி, அது முடியும் மங்களூரு சென்ட்ரலில் இறக்குவதே நல்லது.

சென்னைவரை? சீத்தாப்பழம் ஏற்றிச் செல்லும் நம் சகோதரர், கூடைகளுக்கு மேலே கட்டிக்கொள்ளலாம் என்றார். பெரம்பூரில் ஒரு குடும்பம் ஓர் இரவு அதை வைத்திருக்கச் சம்மதித்தது. மங்களூருவில் என்னோடு இறையியல் பயின்ற போதகர் ஒருவர் இருக்கிறார். தம் ஜீப்பின் மேல் கட்டி முல்கியில் சேர்ப்பதாகச் சொன்னார். இரயில் கட்டணத்தை வாலிபர் ஐக்கியம் ஏற்றுக்கொண்டது.

மெராரிக்கு நான்கு வண்டில்களைத் தந்தவர்கள் யார் என்று மறுபடியும் பாருங்கள். இரண்டு பிரபுக்களுக்கு ஒரு வண்டில், ஒருவருக்கு ஒரு மாடு என்பதே கணக்கு. முழு வண்டில் ஒன்றைத் தனியாக எவரும் கொடுக்கவில்லை. இன்னார் கொடுத்த மாடு இந்தப் பலகையை இழுத்தது என்ற குறிப்பும் வேதத்தில் இல்லை. கர்த்தர் மோசேயிடம் அவற்றை வாங்கிக்கொள் என்கிறார். அவனவன் வேலைக்குத் தக்கதாகக் கொடுக்கச் சொல்கிறார். பாரம் அதிகமானவனுக்கு வண்டிலும் அதிகம். மெராரி வம்சத்தார் அதற்காக வெட்கப்பட்டதாக எங்கும் வாசிக்கவில்லை. நம் தம்பியும் வெட்கப்பட வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

வண்டி செவ்வாய்க்கிழமை மாலை புறப்படுகிறது. பலகையின் அடியில் உள்ள சிறு துடுப்புகளைக் கழற்றித் தனியே கட்டியாயிற்று. வால் பகுதிக்குச் சாக்கும் கிடைத்துவிட்டது. முன்முனைதான் முதலில் அடிபடும் இடம். அதைச் சுற்ற இன்னும் இரண்டு பழைய ஜமுக்காளங்கள் தேவைப்படுகின்றன. வீட்டில் இருப்பவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.