காடாவின் இரண்டு மலிவுகள்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது தரையில் சொட்டு விழாமல் இருக்க, நம் ஊர்ப் பெயின்டர் பழைய சேலையையோ கிழிந்த பிளெக்ஸையோ விரித்துக்கொள்வார். அமெரிக்கப் பெயின்டர் அதற்கென்றே நெய்து, நான்கு பக்கமும் ஓரம் அடித்த தடித்த பருத்தித் துணியைக் கடையில் வாங்குகிறார். டிராப் கிளாத் என்று அதற்குப் பெயர். பிரஷ், ரோலர் இருக்கும் அடுக்குக்குப் பக்கத்தில் 6-க்கு 9 அடி, 9-க்கு 12 அடி என்று அளவு போட்டு மடித்துக் கிடக்கும். அதை வாங்கிப்போய்த் துவைத்து, வண்ணம் ஒற்றி, ஜன்னலுக்குத் திரையாக மாட்டிக்கொள்வது அந்த நாட்டு நடுத்தர வீடுகளில் பரவிய கைவேலை. நம் சொல்லில் அது வெளுக்காத காடா. இன்னும் தடித்தால் கித்தான். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நெய்த துணி அந்தக் கடைகளில் சாதாரணம். அந்த ரகத் துணி பிறக்கும் பல்லடம், சோமனூர் வட்டாரத் தறிக்குடோன்களில் நின்று பார்த்ததை வைத்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்தத் திரைச்சீலையின் மலிவு ஒன்றல்ல, இரண்டு. பொருள் எளிமையாக இருப்பதால் வரும் மலிவு ஒன்று. உழைப்பின் கூலியை அமுக்குவதால் வரும் மலிவு இன்னொன்று. இரண்டும் ஒரே மடிப்பில் கிடப்பதால் பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. முதலாவதைத் தாராளமாகக் கொண்டாடலாம். இரண்டாவதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்.

முதல் மலிவின் தொடக்கம் பஞ்சில் இருக்கிறது. உயர்ரக நூல் நூற்கும் ஆலையில் பஞ்சைச் சீவும்போது குட்டை இழைகள் கழிவாக விழும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டிய துண்டுகள் மூட்டை மூட்டையாக மிஞ்சும். பல்லடம், உடுமலை, வெள்ளகோவில் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்கள் இவற்றைத்தான் வாங்குகின்றன. சாதாரண நூற்பில் நிற்காத குட்டை இழையும், வேகமாகச் சுழலும் ரோட்டாருக்குள் விழுந்து முறுக்கேறி நூலாகிவிடும். மெல்லிய நூல் இதில் வராது. தடித்த நூல் தாராளமாக வரும். அப்படிப்பட்ட நூலில் நெய்த காடாவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அதன் பூர்வீகம் தெரியும். ஓர் இழை பருத்து, அடுத்தது மெலிந்து போகும். பருத்திக்கொட்டைத் தோலின் துணுக்குகள் மிளகுப்பொடி தூவியதுபோல அங்கங்கே ஒட்டியிருக்கும். நிறம் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை; புழுங்கல் அரிசியை ஊறவைத்த நிறம். வெளுப்பு இல்லை, சாயம் இல்லை. ஆகவே அந்த இரண்டின் செலவும் இல்லை, அவை ஆற்றில் கலக்கும் கழிவுநீரும் இல்லை. நொய்யல் சாயக்கழிவால் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இந்த இல்லாமையின் அருமை புரியும். குப்பைக்குப் போக வேண்டிய பஞ்சு துணியாவது யாரையும் வஞ்சிக்காத மலிவு.

தறிக்குடோனுக்குள் போனால் கதை மாறுகிறது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடச் சைகையில்தான் பேச முடியும். ஒரு தொழிலாளி நான்கு, ஆறு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறார். நாடாவில் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குழல், தீர்ந்தால் மாற்ற வேண்டும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி, விழுதுக் கண்ணிலும் அச்சிலும் கோத்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். முடிச்சுப் போடும் விரல்களைக் கண்ணால் தொடர முடியாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தடவை உரசிக்கொள்வதுதான் தெரியும், அதற்குள் இழை சேர்ந்திருக்கும். கழிவுப் பஞ்சு நூலுக்கு வலு குறைவு. அறுப்பும் அதிகம், பறக்கும் தூசும் அதிகம். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்த முகங்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் அந்த வட்டாரத்தில் புதிதல்ல. ஆக, எளிய நூல் எளிய வேலையைத் தருவதில்லை. பஞ்சில் மிச்சம் பிடித்த காசின் ஒரு பகுதியை, கூடுதல் நடையாகவும் கூடுதல் முடிச்சாகவும் தறி ஓட்டுபவர்தான் கட்டுகிறார்.

அவர் கைக்கு என்ன வருகிறது என்பது கூலி நெசவின் அமைப்பைப் பொறுத்தது. பெரும்பாலான தறிக்காரர்கள், அதாவது தறியின் உரிமையாளர்கள், நூல் வாங்கி நெய்து விற்பவர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் துணியாக்கித் தந்து, பிக் (ஊடை இழை) கணக்கில் காசு காசாகக் கூலி வாங்குவார். ஆள் சம்பளம், மின்கட்டணம், உதிரிபாகம், குடோன் வாடகை எல்லாம் அந்தக் கூலிக்குள்தான். 2014-இல் ஏற்பட்ட கூலி ஒப்பந்தத்துக்குப் பின் பல ஆண்டுகள் உயர்வில்லாமல் ஓடின. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சில் சோமனூர் ரகங்களுக்கு 23 சதவீதம், பல்லடம் ரகங்களுக்கு 20 சதவீதம் என்று முடிவானது. அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் நின்றன. பேசி முடித்த கூலியை வாங்குவதற்கே தறியை நிறுத்த வேண்டியிருப்பது இரண்டாம் மலிவுக்கு நான் காட்டும் முதல் சாட்சி. விசைத்தறிகளுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. அது இல்லையென்றால் பல குடோன்கள் பூட்டிக் கிடக்கும். அப்படியென்றால் தொலைதூர ஜன்னலில் தொங்கும் துணியின் மலிவில் நம் வரிப்பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தத் துணி திரையாகும் கைவேலையைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. அதில் நுட்பம் இருக்கிறது, அந்த நுட்பம் துணியின் குணத்தை அறிந்தது. நெசவுக்காகப் பாவில் ஏற்றிய கஞ்சி துணியிலேயே இருக்கும். அதைத் துவைத்து நீக்காமல் பூசினால் வண்ணம் இழைக்குள் இறங்காது. முதல் துவைப்பில் துணி சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே 9 அடி நீளத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் போய்விடும். அளவெடுப்பது அதற்குப் பிறகுதான். 8 அவுன்ஸ் ரகம் என்றால் சதுர கஜத்துக்கு அவ்வளவு எடை. 6-க்கு 9 அடித் துணி 6 சதுர கஜம், அதாவது 1.36 கிலோ. இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் மூன்று கிலோவை நெருங்கும். மெல்லிய கம்பி வளைந்துவிடும். சுவர் பெயின்டை அப்படியே பூசினால் துணி அட்டையாக விறைத்து மடிப்பில் வெடிக்கும். அதனால் இரண்டு பங்கு அக்ரிலிக் வண்ணத்துக்கு ஒரு பங்கு துணிக்கான மீடியம் கலக்கிறார்கள். ஸ்டென்சிலை ஒட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டு, அதில் முக்கால் பங்கைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மீதியை மட்டும் துணியில் தட்டுகிறார்கள். ஈரம் கூடினால் ஓரம் கசிந்து பூ இதழ் கறையாகிவிடும். காய்ந்தபின் இஸ்திரிச் சூடு காட்டினால் வண்ணம் நிற்கும். இத்தனையும் வீட்டார் தம் விருப்பத்துக்குச் செய்யும் வேலை. அதற்குக் கூலி கேட்பார் இல்லை, கேட்கவும் வேண்டாம்.

எளிய துணி எளிய மதிப்பில்தான் முடிய வேண்டும் என்று விதியும் இல்லை. கலம்காரி இதற்கு நம் பக்கத்துச் சான்று. வெளுக்காத அதே காடாவைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிப் பக்குவப்படுத்துகிறார்கள். பாலின் கொழுப்பு மையைக் கசியவிடாமல் பிடித்துக்கொள்ளும். மீடியம் கலப்பவரும் எருமைப்பாலில் தோய்ப்பவரும் தீர்ப்பது ஏறக்குறைய ஒரே சிக்கலைத்தான். அந்தக் காடாதான் தொம்பையாகவும் வாசமாலையாகவும் சாமிக்கு மேற்கட்டியாகவும் தொங்குகிறது. கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை மரபில் வரும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தக் குறியீடு ஓவியக் கைக்கு உரியது. துணியை நெய்த கைக்கு எந்தக் குறியீடும் இல்லை. வண்ணம் ஏறிய பிறகு கேன்வாஸ் கண்ணுக்குத் தெரியாமல் போவது ஓவியத்தின் இயல்பு. கூலிக் கணக்கிலும் அது தெரியாமல் போவதுதான் என் குறை.

இதற்கு மறுப்புகள் உண்டு. பாலியெஸ்டர் ஸ்கிரீன் துணி இதைவிட மலிவு, லேசு, சீக்கிரம் காயும். கனத்த காடாவைத் தலையில் கட்டுவானேன் என்பது முதலாவது. மழைக்காலத்தில் தடித்த பருத்தி ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும் என்பதும் உண்மை. எந்த வீட்டுக்கும் இதுவே ஏற்றது என்று நான் வாதாடவில்லை. கழிவில் பிறந்த பருத்தி, திரையாக நைந்த பின்னும் கைப்பிடித் துணியாகவும் கடைசியில் மண்ணாகவும் போகும் என்பது மட்டும் அதன் பக்கத்து நியாயம். முரட்டுத் துணியை அழகு என்று மாட்டுவது வசதி படைத்தவர்களின் வேடம், வறுமையின் தோற்றத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அதே காடாவுக்கு நாகரிகமான பெயர் வைத்துப் பலமடங்கு விலைக்கு விற்கும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் குற்றம் ரசனையில் இல்லை. கொட்டைத் துணுக்கு தெரியும் துணியை அழகென்று பார்க்கப் பழகிய கண்ணால் வெளுப்பும் சாயமும் மிச்சமாகின்றன. ரசனையால் ஏறும் விலையில் ஒரு காசாவது தறி வரைக்கும் திரும்பி வருகிறதா என்பதே கேட்க வேண்டியது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கூலியை ஏற்றினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், பிறகு குறைந்த கூலியும் இல்லாமல் போகும் என்கிறார்கள். இதைக் கணக்காகவே பார்க்கலாம். காடா விலையில் பெரும்பங்கு நூலுக்குப் போகிறது. நெசவுக் கூலி கால் பங்கு என்று வைத்துக்கொண்டாலும், கூலி 20 சதவீதம் ஏறினால் துணி விலை 5 சதவீதம்தான் ஏறும். அந்தத் துணி கடை விலையில் பாதி என்றால், ஜன்னலுக்குத் திரை மாட்டுபவர் கூடுதலாகத் தருவது இரண்டரை சதவீதம். அதற்காக யாரும் திரை இல்லாமல் இருக்க மாட்டார். ஏற்றுமதியாளருக்கு மொத்த விலையில் 5 சதவீதம் பெரிது என்பதை மறுக்கவில்லை. நூல் விலை ஏறும்போதெல்லாம் அவர் அதைவிடப் பெரிய ஏற்றத்தை விழுங்கித்தான் தொழில் நடத்துகிறார். நூல் ஏறினால் அது சந்தை, கூலி ஏறினால் அது ஆபத்து என்ற பார்வைக்குப் பொருளாதாரம் காரணமல்ல, பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதே காரணம். ஒருவர் கூட்டிக் கொடுத்து மற்றவர் கொடுக்காவிட்டால் கொடுத்தவர் தோற்பார் என்ற அச்சம் நியாயமானது. பேசி முடித்த கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தறிக்காரர்கள் கேட்பது அதனால்தான். எல்லோருக்கும் ஒரே கூலி கட்டாயமானால், கூலியைக் குறைத்துப் போட்டி போடும் வழி அடைபடும். பிறகு நூலின் தரத்திலும் நெசவின் ஒழுங்கிலும்தான் போட்டி போட வேண்டியிருக்கும்.

டிராப் கிளாத் திரையை அமெரிக்க வீடுகளில் புகழும்போது தவறாமல் வரும் ஒரு பெருமை, அதற்குத் தையல் வேலையே இல்லை என்பது. கிளிப் வளையத்தில் மாட்டினால் போதும். உண்மைதான், நான்கு ஓரமும் முன்பே அடித்திருக்கிறது. அந்தப் பெருமையைச் சொல்பவர் துணியின் ஓரத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். 6-க்கு 9 அடித் துணியைச் சுற்றி 30 அடித் தையல் ஓடுகிறது. தையல் தேவைப்படாத திரை என்று எதுவும் இல்லை. வேறொருவர் தைத்து முடித்த திரைதான் இருக்கிறது.