வீரமாமுனிவர் பிறந்த ஊரில் நாங்கள்

(ஒரு பெற்றோர் எழுதியது)



நம் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் எழுத்தாளன் அல்லன். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். ஆயினும் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என் குடும்பம் மேற்கொண்ட பயணத்தையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் எழுதினால் பிறருக்குப் பயன்படலாம் என்று எண்ணினேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு இத்தாலி நாட்டிலிருந்து புதிய இயந்திரம் ஒன்று வந்தது. அதனை இயக்கக் கற்றுக்கொள்ள என்னை இரண்டு வாரம் மிலான் நகருக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தபின் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் வரவழைத்து, ஒரு வாரம் சுற்றிப் பார்க்கலாம் என்று திட்டமிட்டேன். என் பெற்றோரை அழைத்துச் செல்ல நான் எண்ணவில்லை. அப்பாவுக்கு 76 வயது. பால்மரம் வெட்டிக் காலம் கழித்தவர். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு. "குளிர் ஒத்துக்கொள்ளாது, நடக்க முடியாது" என்று காரணம் கூறினேன். உண்மையில், அவர்கள் வந்தால் எனக்குச் சுமை கூடும் என்பதே என் மனத்தில் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வயதான என் மகள்தான், "தாத்தா கதை சொல்லாவிட்டால் நான் அங்கே எப்படித் தூங்குவேன்?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அன்றிரவே அப்பா தம் சேமிப்புப் புத்தகத்தை என் முன் வைத்தார். "எங்கள் இருவர் பயணச் செலவு இதில் இருக்கிறது, உனக்குத் தொல்லை கொடுக்க மாட்டோம்" என்றார். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

பயணத்துக்கு முன் அம்மா பிரிக்பீல்ட்ஸ் சென்று பருப்புப்பொடி, ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாம் வாங்கி வந்தார். வீட்டிலேயே நெத்திலிச் சம்பல் செய்து புட்டியில் அடைத்தார். அப்பாவோ பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ஆறு சிறு அட்டைகள் செய்தார். ஒவ்வொன்றிலும் பெயரையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதி, நூல் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். எல்லாம் தமிழில் எழுதப்பட்டிருந்தன. தொலைபேசியில் அவற்றைக் கண்ட எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா! இத்தாலியில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்?" என்றேன். "எழுத்தைப் படிக்காவிட்டாலும் எண்ணைப் படிப்பார்கள் அல்லவா?" என்றார் அவர். பத்து வயதான என் மகன், "அப்படியானால் நம் நாட்டு எண் 60ஐயும் முன்னால் போடுங்கள், தாத்தா" என்றான். அதையும் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, வழியில் விமானம் மாறி மிலான் வந்து சேர்ந்தார்கள். முதலில் உரோமாபுரி சென்றோம். அங்குள்ள கொலோசியம் என்னும் வட்டரங்கம் கி.பி. 80இல் திறக்கப்பட்டது. ஐம்பதினாயிரம் பேர் அமர்ந்து பார்க்கத் தக்க பெருங்கட்டடம். அங்கே மனிதரும் விலங்கும் போரிட்டு மடிந்ததை மக்கள் வேடிக்கை பார்த்தனர் என்று மகனுக்கு விளக்கினேன். அம்மா, "இவ்வளவு கல்லையும் சுமந்தவர்கள் யார்?" என்று கேட்டார். உழைத்தவருக்கு உழைத்தவர் நினைவுதான் முதலில் வரும் போலும்! போரில் பிடிபட்ட அடிமைகள் பலர் அதில் உழைத்திருப்பர் என்றேன். அம்மா அந்தச் சுவரைச் சிறிது நேரம் தொட்டுக்கொண்டு நின்றார்.

அந்நகரின் தெருக்களில் இரும்பாலான நீர்க்குழாய்கள் ஈராயிரத்துக்கு மேல் உள்ளன. குளிர்ந்த குடிநீர் இடைவிடாது ஒழுகும். யாரும் காசு கேட்பதில்லை. அப்பாவுக்கு அந்நகரில் மிகவும் பிடித்தவை அவையே. தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயின் முன் வாளியோடு காத்திருந்த நாள்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பின்னர்ப் பீசா நகரின் சாய்ந்த கோபுரத்தைக் கண்டோம். 1173இல் கட்டத் தொடங்கியது. மூன்றாம் நிலை எழும்போதே, மண் இளகியிருந்த பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டது. விழுந்துவிடுமோ என்றஞ்சி 1990இல் மூடினார்கள். சாயாத பக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001இல் மீண்டும் திறந்தார்கள். நம் நாட்டில் தெலுக் இந்தான் நகரிலும் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் ஒன்று உண்டு என்பது நம் மாணவர்களுக்குத் தெரிந்ததே. பத்துமலையின் 272 படிகளையும் பலமுறை ஏறிய என் மகனுக்குப் பீசாவின் படிகள் பெரிதாகத் தோன்றவில்லை. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதி இல்லாமையால் மகள் அழுதாள். புல்தரையில் அமர்ந்து தாத்தா அவளுக்குப் பரமார்த்த குரு கதை சொன்னார். நான் இறங்கி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கதையை எழுதியவர் வீரமாமுனிவர். அவர் பிறந்த ஊர் இத்தாலியில் இருப்பதை மகனுடைய பாடநூலில் கண்டுகொண்ட அப்பா, புறப்படும் முன்பே என்னிடம் ஒரே ஒரு விருப்பம் தெரிவித்திருந்தார்: "அந்த ஊர் மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும்." எனவே, தாயகம் திரும்புவதற்கு முதல் நாள் மிலானிலிருந்து இரயிலேறினோம். தேசென்சானோ என்னும் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே பேருந்தில் செல்ல வேண்டும்.

அந்த நிலையத்தில்தான் என் பிழை நேர்ந்தது. வண்டி நின்றதும் அவசரம் அவசரமாகப் பைகளை இறக்கினேன். கீழே நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று பைகளை எண்ணினேன், சரியாக இருந்தன. கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. அப்போதுதான் மனைவி, "அத்தை எங்கே? பாப்பா எங்கே?" என்று அலறினாள். முழங்கால் வலியால் மெல்ல எழுந்த அம்மாவும், அவர் கையைப் பிடித்திருந்த மகளும் வண்டிக்குள்ளேயே இருந்தனர். சன்னலில் மகளின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

என் கை கால்கள் நடுங்கின. அம்மாவிடம் தொலைபேசி இல்லை; தமிழும் மலாயும் தவிர வேறு மொழி தெரியாது. நிலைய அலுவலரிடம் ஓடினேன்; எனக்கு வந்த சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. என்னை நானே நொந்துகொண்டு நின்றேன். அப்பா மட்டும் பெஞ்சில் அமர்ந்து, "உன் தொலைபேசியைக் கையில் வைத்திரு" என்றார்.

பதினைந்து நிமிடம் கடந்திருக்கும். தொலைபேசி ஒலித்தது. அறியாத எண், அறியாத பெண்குரல். அவர் பேசியதில் 'நோன்னா' என்ற சொல்லும் 'பெஸ்கியேரா' என்ற ஊர்ப் பெயருமே எனக்குப் புரிந்தன. நோன்னா என்றால் இத்தாலிய மொழியில் பாட்டி. பின்னர் மகளின் குரல் கேட்டது: "அப்பா! இந்த அத்தை எங்களுக்கு ரொட்டி வாங்கித் தந்தார்கள்."

அடுத்த வண்டியில் பெஸ்கியேரா சென்றோம். நிலைய மேடையில் அம்மா ஓர் இத்தாலியப் பெண்மணியின் பக்கத்தில் அமைதியாக அமர்ந்திருந்தார். எதிர் இருக்கையில் இருந்த அப்பெண்மணி, அம்மாவின் கலக்கத்தைக் கண்டு, மகளின் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்து, அடுத்த நிலையத்தில் அவர்களோடு தாமும் இறங்கி என்னை அழைத்திருக்கிறார். தம் பயணத்தை விட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். நன்றி கூற எனக்குச் சொல் வரவில்லை. அம்மா தம் பையைத் திறந்து நெத்திலிச் சம்பல் புட்டியை அவர் கையில் வைத்தார். அவர் அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுச் சென்றார்.

நான் தலை குனிந்து அப்பாவின் முன் நின்றேன். அவர் கோபிக்கவில்லை. "ஆற்றைக் கடந்த பரமார்த்த குருவின் சீடன் தன்னை எண்ண மறந்தான். நீ பையை எண்ணினாய், ஆளை எண்ண மறந்தாய்" என்றார். அக்கதையில் குருவும் சீடரும் ஆறு பேர்; நாங்களும் ஆறு பேர். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சுமை என்று நான் எண்ணிய முதியவர் செய்த அட்டைதான் என் மகளை மீட்டுத் தந்தது.

மாலையில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் அவ்வூரை அடைந்தோம். சிறு குன்றுகளுக்கு இடையே அமைந்த அமைதியான ஊர். வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இங்கே பிறந்தார். 1710இல் இந்தியா வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அதற்குப் பின்னரே தமிழ் கற்றார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். திருக்குறளின் முதல் இரண்டு பால்களை இலத்தீனில் பெயர்த்தார். 1747இல் தென்னாட்டிலேயே மறைந்தார்.

தேவாலயப் படிகளில் அமர்ந்து அப்பா மகளின் அட்டையைக் கையில் எடுத்தார். தம் பெயரை எழுதி, அதன் கீழ் 'பேத்தி' என்று எழுதியிருந்தார். "இந்தப் 'பே'யைப் பார். ஓலையில் எழுதிய காலத்தில் குறிலுக்குப் புள்ளி வைப்பார்கள். அதைப் பலர் வைக்காமல் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று தெரியாது. நெடிலுக்கு இந்தச் சுழித்த கொம்பைத் தந்தவர் இந்த ஊர்க்காரர் என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தந்தார்" என்றார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். மகள் தன் விரலால் அந்தக் கொம்பைத் தடவிப் பார்த்தாள். இத்தாலியில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு விடை அங்கே கிடைத்தது.

அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1859 ஜூன் 24 அன்று அருகிலுள்ள சோல்பெரினோவில் பெரும் போர் நடந்தது. காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டனர். ஊர்ப் பெண்கள், நம் படையா பகைவர் படையா என்று பாராமல், அனைவரும் உடன்பிறந்தோர் என்று கருதிக் காயம் துடைத்தனர். அதனைக் கண்ட ஆன்றி துனான் என்பவரின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. நம் பள்ளிகளில் உள்ள செம்பிறைச் சங்கமும் அவ்வியக்கத்தின் கிளையே. பெஸ்கியேராவில் கண்ட பெண்மணியை நினைத்துக்கொண்டேன். அந்தப் பண்பு அந்தப் பக்கத்தில் இன்னும் வற்றவில்லை.

நாங்கள் கிள்ளான் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. அப்பாவின் சேமிப்புப் புத்தகத்தில் அவர் எடுத்த தொகையை மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திரும்பச் செலுத்தி வருகிறேன். அவர் வேண்டாம் என்கிறார், நான் கேட்பதில்லை. ஆறு அட்டைகளும் எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகின்றன.

பெற்றோர்களே! விடுமுறைக்கு எங்கு சென்றாலும், பத்துமலையானாலும் பினாங்கானாலும், வீட்டிலுள்ள பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே! வண்டியை விட்டு இறங்கும்போது பைகளை எண்ணுமுன் ஆட்களை எண்ணுங்கள். தாத்தா பாட்டி மெல்லத்தான் எழுந்து வருவார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.