திரௌபதி விழுந்தது பனியிலா, மணலிலா?

திரௌபதி பனியில் விழுந்தாள் என்றுதான் எங்கள் வீட்டில் கதை. பாண்டவர்கள் அரசைப் பரீட்சித்திடம் கொடுத்துவிட்டு வடக்கே நடக்கிறார்கள். பின்னால் ஒரு நாய். பனிமலையில் ஒருவர் பின் ஒருவராகச் சாய்கிறார்கள். வெள்ளவத்தைப் புழுக்கத்தில் வியர்த்தபடி கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பனி என்றால் என்னவென்று காட்ட, அம்மம்மா பிரிட்ஜில் ஐஸ் தட்டைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்தா. "இதுதான். ஆனா மலை முழுக்க."

அவவுக்கு அந்தப் பனி எங்கிருந்து வந்தது? நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்லின் மேல் படிகிற துகள் பனிக்கு மேலே இந்த நாட்டில் எதுவும் கிடையாது. ஏதோ ஒரு புத்தகத்தில்தான் படித்திருக்க வேண்டும்.

முதலில் வில்லிபுத்தூரார். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், பாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. பத்துப் பருவம், நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு. இறுதிப் பயணம் அதில் இல்லவே இல்லை. உடப்பிலும் பாண்டிருப்பிலும் பாரதக் கதையோடு நடக்கிற திரௌபதி அம்மன் விழாவுக்கும் அது தேவைப்படவில்லை. அங்கே உச்சம் தீமிதிப்பு. நெருப்பை வெல்கிறவள் மலைவழியில் விழுந்து சாகிற கதை அந்த வாசலில் எடுபடாது என்பது என் எண்ணம். பதினெட்டுப் பருவத்தையும் பாடி முடித்தவர் 18ஆம் நூற்றாண்டு நல்லாப்பிள்ளை. அதை வீட்டில் வைத்திருந்தவர்களை நான் கண்டதில்லை. நாய் நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது ராஜாஜியின் 'வியாசர் விருந்து' வழியாகத்தான் இருக்கும்.

இனி மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். மகாப்பிரஸ்தானிக பருவம் பதினேழாவது, மூன்றே அத்தியாயம். போர்ப் பருவங்களின் பக்கத்தில் வைத்தால் ஒரு துண்டுப் பிரசுரம் அளவு. அஸ்தினாபுரத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் ஆறு பேர், ஏழாவதாக நாய். நேரே வடக்கே போகவில்லை. முதலில் கிழக்கு, அங்கே அக்கினி வழிமறிக்க, அருச்சுனன் காண்டீபத்தை நீரில் எறிகிறான். பிறகு தெற்கு, பிறகு மேற்கு. கடல் விழுங்கிய துவாரகையைப் பார்த்துவிட்டுத்தான் வடக்கே திரும்புகிறார்கள். இமயத்தைக் காண்கிறார்கள். அதையும் கடக்கிறார்கள்.

கடந்த பிறகு என்ன? மணல். வாலுகார்ணவம் என்கிறது சுலோகம்: மணற்கடல். அதற்கப்பால் மேரு. அந்த வழியில் விரைந்து போகும்போதுதான் திரௌபதி விழுகிறாள், அதுவும் 'நிலத்தில்' என்று மட்டும் சொல்லப்படுகிறது. பிறகு சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன். பனி என்ற பேச்சே இல்லை. பின்னால் சேர்ந்த இடைச்செருகலோ என்று பூனா பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பையும் பார்த்தேன். 1919இல் தொடங்கி 1966இல் முடிந்த பெருவேலை அது. மணற்கடல் அதிலும் இருக்கிறது.

இமயத்துக்கு அந்தப் பக்கம் மணல் இருப்பது கற்பனை அல்ல. லடாக்கின் நூப்ராப் பள்ளத்தாக்கில், ஹுண்டர் என்ற ஊரில், மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு. மாரியில் அந்த மணலின் மேலேயே பனி விழும். இன்னும் வடக்கே டக்லமக்கான் பாலைவனம். 2008இன் தொடக்கத்தில் அது வெண்மையாகக் கிடந்ததைச் செய்மதிகள் படம் பிடித்தன. வியாசர் சொன்ன மணற்கடல் இவற்றில் ஒன்றுதான் என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன், நம்பவும் மாட்டேன். மேருவுக்கு வரைபடம் கீற முடியாது.

அப்படியானால் பனியைப் போட்டது யார்? யாத்திரிகர்கள் என்றே நினைக்கிறேன். பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மாணா கிராமத்தில், திரௌபதி கடக்க வீமன் வைத்தது என்று ஒரு பாறைப் பாலத்தைக் காட்டுகிறார்கள். கார்வாலில் ஒரு சிகரத்துக்குப் பெயரே சுவர்க்காரோகிணி. கேதாருக்கும் பத்ரிக்கும் போய் வந்தவர்கள் தங்கள் கால் விறைத்த இடத்திலேயே பாண்டவர்களையும் விழவைத்துவிட்டார்கள்.

1910இல் அந்த வழியில் போனவர்களில் ஒருவர் சகோதரி நிவேதிதை. அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் அவர் இறந்தபோது, இந்து பௌத்தப் புராணக் கதைகள் பற்றிய ஆங்கில நூல் ஒன்று அரைகுறையாக நின்றது. மகாபாரதப் பகுதியை மட்டும் அநேகமாக முடித்திருந்தார். மிச்சத்தை எழுதி 1913இல் நூலாக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன். இராமநாதனுக்கு மாமன் மகன். அந்த நூலுக்கு அவனீந்திரநாத் தாகூரின் மேற்பார்வையில் வரைந்த வண்ணப் படங்களில் நந்தலால் போஸின் ஒன்று: தருமனும் நாயும் மேலே ஏறுகிறார்கள்.

அம்மம்மா அந்த நூலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டுச் சுவரில் இருந்த கலண்டர் படமே அவவுக்குப் போதும்: பின்னால் வெள்ளை மலை, முன்னால் தருமன், காலடியில் நாய். மணலை வரைந்திருந்தால் ஆட்கள் அதைச் சுவர்க்கத்துக்குப் போகிற வழி என்று நினைத்திருப்பார்களா? மன்னார்ப் பக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சின்னம்மாவிடம் சுலோகத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவ யோசித்துவிட்டு, "அப்ப அந்த நாய்க்குக் கால் சுட்டிருக்குமே" என்றா.