எழுதியதை யாரிடம் காட்டுவது?

எழுதுவதற்குத் தாளும் சிறிது தனிமையும் போதும். எழுதியதைப் பிறர் கையில் கொடுப்பதற்கே துணிவு வேண்டும். அதிலும் சொந்த வாழ்க்கையை எழுதியவனுக்கு அச்சம் இரண்டு. ‘இதில் என்ன இருக்கிறது என்று நகைப்பார்களோ’ என்பது ஒன்று. ‘வீட்டுச் செய்தியை வீதிக்குக் கொண்டுவந்தான் என்று பழிப்பார்களோ’ என்பது மற்றொன்று.

பர்கூரில் பிறந்த எனக்கு மூன்றாவது அச்சமும் இருந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊர் ஜவுளிக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. ஆந்திரமும் கருநாடகமும் அருகிலிருப்பதால், கடைத்தெருவில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். எங்கள் வீட்டிலோ தக்கினி உருது. இவ்வாறு வளர்ந்தவன் எழுதும் தமிழை, தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நாகூராரும் காயல்பட்டினத்தாரும் ஒப்புவார்களா? இந்த ஐயத்தினால், என் தாயாரைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று பல மாதங்கள் அலமாரியின் அடித்தட்டிலேயே கிடந்தது.

அந்நாளில் எனக்குத் துணைநின்றது மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் வாழ்க்கை. 1944-இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர் அவர். அவ்வூர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956-இல்தான். வீட்டில் பேசியது தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். செய்த தொழில் வியாபாரம். பண்டிதத் தமிழ் கைவரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் கடற்கரை மக்களின் பேச்சையே எழுத்தாக்கினார். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2019-இல் அவர் மறைந்தார். மலையாளம் கலந்த அந்தப் பேச்சையே வாசகர்கள் சுவையென்று கொண்டாடினர்.

அவருக்கு முன்பே வழிகாட்டியவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். முஸ்லிம் பெண்ணொருத்தியின் பெயர் அச்சேறுவதே அரிதாயிருந்த 1938-இல், ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத அப்பெண்மணியின் நூலுக்கு முன்னுரை வழங்கியவர் மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் என்றால், இனி எவர்தாம் தம் படிப்பைக் காட்டிப் பின்வாங்க முடியும்?

இவ்விருவரும் என் மொழி அச்சத்தைப் போக்கினர். வீட்டுச் செய்தி பற்றிய அச்சத்தைப் போக்கியவர் என் தாயார். தந்தையார் மறைந்தபின், கடனுக்குத் துணி எடுத்து, தலைச்சுமையாக ஊர் ஊராய் விற்று எங்களை அவர் வளர்த்ததுதான் கட்டுரையின் பொருள். உறவினர் நடுவே அவர் அதைப் பேசுவதில்லை. தமிழ் படிக்கத் தெரியாத அவருக்கு, வரிவரியாக உருதுவில் சொல்லிக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “கடன் கேட்டு நெருக்கியவரின் பெயரை எடுத்துவிடு பேட்டா, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் சுமந்ததை எடுக்காதே. கந்திகுப்பம் வரை நடந்தேனே, அதை ஏன் விட்டுவிட்டாய்?” என்றார்.

எதை எழுதலாம், எதை மறைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் எங்கும் கற்றதில்லை. பிறரை நாணச் செய்வதை நீக்கிவிட வேண்டும்; உழைத்தவரின் உழைப்பை முழுமையாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னபடியே திருத்தி, மறுநாளே தபாலில் சேர்த்தேன்.

ஐயம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறது, ஒரு சொல்லை மாற்றச் சொல்கிறது, மாற்றியபின் வழிவிடுகிறது. அந்த அளவில் அது நல்ல துணையே.

கடற்கரைப் பட்டினங்களின் முஸ்லிம் வாழ்க்கை தமிழில் ஓரளவேனும் பதிவாகியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, பர்கூர் என உள்நாட்டு ஊர்களில், வீட்டில் ஒரு மொழியும் கடையில் ஒரு மொழியுமாக வாழ்ந்தவர்களின் கதை பெரும்பாலும் அவர்களோடே மண்ணில் மறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியோர் ஏடு கிடக்கலாம். அதில் இடம்பெற்றவர் உயிரோடிருக்கும்போதே எடுத்து, முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதைச் சொல்ல அவர் ஒருவரால்தான் இயலும்.