எடை குறையும் எலிகள்

புற்றுநோய் வந்தவர் உருகிப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நோயைவிட அந்த மெலிவுதான் கண்ணில் நிற்கும். என் பெரியப்பாவுக்குக் கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறியது. கஞ்சி, முட்டை, ஹார்லிக்ஸ் என்று எதையும் பெரியம்மா விட்டுவைக்கவில்லை. "நான்தான் சரியா ஊட்டலையோ" என்று இன்றும் கேட்பார்.

இல்லை பெரியம்மா. இதற்குக் கேக்கெக்சியா என்று பெயர். வெறும் பட்டினி என்றால் உடல் கொழுப்பை எரித்துத் தசையைக் காப்பாற்றப் பார்க்கும். இதில் தசையும் சேர்ந்தே கரையும். சாப்பாட்டை மட்டும் கூட்டி அதை முழுசாக மீட்க முடியாது.

இதை ஆராய அதிகம் பயன்படுவது சி-26 எனப்படும், சுண்டெலியின் பெருங்குடல் புற்றுச் செல்கள். தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினால் சில வாரங்களிலேயே எலி மெலிந்துவிடும். ஆனால் தராசை மட்டும் நம்பக்கூடாது. தசை குறையக் குறையக் கட்டி வளர்வதால் மொத்த எடை ஏமாற்றும். கடைசியில் கட்டியின் எடையைக் கழித்துவிட்டு, காலின் ஆடுதசையைத் தனியே எடுத்து நிறுக்க வேண்டும். வலுவை அளக்க, எலியைக் கம்பியைப் பற்றவைத்து வாலைப் பிடித்து மெல்ல இழுப்பார்கள். (பாவமாகத்தான் இருக்கிறது.)

2010-ல் 'செல்' இதழில் வந்த ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. மயோஸ்டேட்டின், ஆக்டிவின் போன்ற புரதங்கள் தசைக்கு அனுப்பும் 'கரைந்து போ' என்ற செய்தியை மருந்தால் தடுத்தார்கள். சி-26 எலிகளில் கட்டி சுருங்கவில்லை. ஆனாலும் தசை திரும்பியது, எலிகள் கூடுதல் நாட்கள் வாழ்ந்தன! அப்படியானால் மெலிவு நோயின் நிழல் மட்டுமல்ல, அதுவே உயிரைக் குடிக்கிறது.

அப்புறம் ஏன் மருந்துக்கடையில் இது இல்லை? எலியின் கட்டி உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகலாம். அறுபது கிலோ மனிதருக்கு அது ஆறு கிலோ! எலி வாலிப வயதில் இருக்கிறது, கீமோதெரபியும் பெரும்பாலும் கிடையாது. பெரியப்பாவோ அறுபதைத் தாண்டியவர், ஆறு சுற்று மருந்து ஏற்றிக்கொண்டவர். அனமோரெலின் என்ற மாத்திரையைப் பாருங்கள். எலிகளுக்குப் பசியும் எடையும் கூடின. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் (முடிவுகள் 2016-ல் வெளிவந்தன) தசை கூடியது, கைப்பிடி வலு கூடவில்லை. ஜப்பான் 2021-ல் அனுமதித்தது, ஐரோப்பா மறுத்துவிட்டது.

கணையத்திலேயே புற்று தானாக உருவாகும்படி மரபணு மாற்றிய எலிகளும் உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம். இருந்தாலும் என் ஓட்டு அவற்றுக்குத்தான்.