அடியில் இறுகிய பனி

கட்டவும் அவிழ்க்கவும் திருச்சபைக்குத் தரப்பட்ட அதிகாரத்தைப் பற்றிக் குருமடத்தில் ஒரு பருவம் முழுவதும் படித்தோம். மத்தேயு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தையும் 18-ஆம் அதிகாரத்தையும் ஒப்பிட்டு நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆயினும் அப்பாடத்தின் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிணைத்து வைக்கும் ஒரு சிறு உலோகக் கருவி. அதைக் கற்றுக்கொள்ள என் வலது முழங்காலைக் கட்டணமாகச் செலுத்தினேன்.

ஆஸ்திரிய நாட்டின் டிரோல் மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் சில ஆண்டுகள் பங்குப் பணியாற்றினேன். அங்கே குளிர்காலத்தில் மக்கள் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, கம்பிவண்டியின் துணையின்றித் தாங்களே மலையேறி, பின் சறுக்கி இறங்குவார்கள். பலகையின் அடியில் ஒட்டிய பட்டையின் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால், ஏறும்போது பலகை பின்னோக்கி வழுக்காது. உச்சியில் பட்டையை உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

குருவானவருக்கு இது எதற்கு என்று நம்மவர் கேட்கலாம். 1889-இல் மோந்தே ரோசா மலையின் கிழக்குச் சுவர் வழியாக ஏறிய அக்கிலே ராத்தி என்னும் குருவே பிற்காலத்தில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஆனார். புனித பெர்நார்தை 1923-இல் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. நான் ஏறியதற்குக் காரணமோ எளியது. என் பங்கு மக்கள் மலைமேல் இருந்தார்கள். அவர்களோடு பேச விரும்பினேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கோவில்பிள்ளை. ஓய்வு பெற்ற தச்சர். வயது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருப்பொருள் அறையில் என்னை ‘நீங்கள்’ என்று மரியாதையோடு அழைப்பவர், மலைப்பாதையில் கால் வைத்ததும் ‘நீ’ என்பார். மலையில் எல்லாரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். அது அவ்வூர் வழக்கம்.

காலணியைப் பலகையோடு சேர்க்கும் கருவியை ஜெர்மானிய மொழியில் ‘பிண்டுங்’ என்பர். கட்டு, பிணைப்பு என்பதே அதன் பொருள். பழைய மலையேற்றப் பிணைப்புகளில் குதிகாலோடு ஒரு சட்டமே எழும்பும். ஒவ்வோர் அடிக்கும் அதைச் சுமக்க வேண்டும். 1980-களில் டிரோலைச் சேர்ந்த பிரிட்ஸ் பார்தெல் என்பவர் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார். காலணியின் முனையில் இருபுறமும் இரு சிறு குழிகள். அவற்றை இடுக்கிபோல் கவ்வ இரண்டு எஃகு முளைகள். குதிகாலில் பொருந்த வேறு இரண்டு முளைகள். ஏறும்போது பின்பிடியைத் திருப்பி வைத்தால் குதிகால் தாராளமாக எழும்பும். இறங்கும்போது அதை மிதித்துப் பொருத்தினால் காலும் பலகையும் ஒன்றாகிவிடும்.

ஒன்றாகிவிட்டால் மட்டும் போதாது. விழுந்து கால் முறுகும் நொடியில், பின்பிடி பக்கவாட்டில் சுழன்று, முன்பிடியின் இடுக்கி விரிந்து, காலை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசை வந்தால் விடவேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. வாடகைக் கடைக்காரர் என் எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றைக் கேட்டு, அட்டவணையைப் பார்த்து அதைக் கணித்தார். “ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரு படி குறைக்க வேண்டும், பங்குத்தந்தையே” என்று சிரித்தார். வயதாக ஆக எளிதில் விட்டுவிட வேண்டும் என்பது அக்கருவியின் விதி. அந்த ஞானம் அன்று எனக்கு எட்டவில்லை.

முன்பிடியின் முன்னே ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. உறைந்து இறுகிய செங்குத்துச் சரிவில் ஏறும்போது பலகை கழன்று போனால் ஆபத்து. ஆகவே அங்கே நெம்புகோலை மேலே இழுத்து, இடுக்கி விரியாதபடி பூட்டுவார்கள். இறங்குமுன் அதைத் தளர்த்திவிட வேண்டும். பூட்டியபடியே இறங்கினால், கடைக்காரர் கணித்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முன்பிடி காலை விடாது. பனிச்சரிவு அடித்துச் சென்றாலோ, கழலாத பலகை நங்கூரம்போல் ஆளை அடியில் இழுத்து வைக்கும். இவையெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டிருந்தன. அறியாமல் செய்தேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பங்கைச் சேர்ந்த நால்வரோடு ஏறினேன். மூன்று மணி நேர ஏற்றம். உச்சியில் சிறு செபம், தேநீர், பிறகு இறக்கம். மூன்றாவது திருப்பத்திலேயே வலப் பலகை கழன்று, பஞ்சுபோன்ற பனியில் விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மீண்டும் மாட்டி ஐம்பது மீட்டர் போவதற்குள் மீண்டும் கழன்றது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்குச் சிரிப்பைவிடக் கடினமாக இருந்தது. கோவில்பிள்ளை கீழிருந்து, “பொறு, நான் வந்து பார்க்கிறேன்” என்று குரல் கொடுத்தார். அவர் வந்து பார்ப்பதை நான் விரும்பவில்லை. குனிந்து, நெம்புகோலை மேலே இழுத்துப் பூட்டினேன். “சரியாகிவிட்டது” என்று கூவினேன்.

பலகை அதன்பின் கழலவேயில்லை. அடுத்த விழுகையில் அதன் முனை பனியில் புதைந்து நின்றது, உடல் சுழன்றது, பலகை காலை விடவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுபடுவதை வலிக்கு முன்னரே உணர்ந்தேன்.

கோவில்பிள்ளை வந்து சேர்ந்ததும் அவருடைய விரல் நெம்புகோலைத் தொட்டு நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். “நீ பூட்டியிருக்கிறாய்” என்றார், அவ்வளவுதான். என் காலைப் பதமாக விடுவித்தபின், பலகையைத் திருப்பி, கைத்தடியின் கூரிய முனையால் முன்பிடியின் சிறகுகளுக்கு அடியில் சுரண்டினார். பெருவிரல் நகமளவு பனிக்கட்டி ஒன்று தெறித்து விழுந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “இதுதான் காரணம்” என்றார்.

நடந்தது இதுதான். ஏறும்போது முன்பிடியின் அடியில் பனி சேர்ந்து மிதிபட்டு இறுகிவிட்டது. காலணியின் குழிகளுக்குள்ளும் கொஞ்சம் புகுந்திருந்தது. அதனால் இடுக்கி முழுவதும் மூடவில்லை; மூடியது போலத் தோன்றியது. முளைகள் குழிகளில் ஆழப் பதியாததால் பலகை கழன்றது. பிணைப்பில் தளர்ச்சி எதுவும் இல்லை. பூட்டினேனே, அது நோய்க்கு மருந்தன்று. நோயின் அறிகுறியை மறைத்த திரை.

மூடுபனி இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வர இயலவில்லை. 140 என்ற மலை அவசர எண்ணுக்குச் செய்தி சொல்லி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நால்வரும் தங்கள் மேலாடைகளை எனக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் நின்றார்கள். சறுக்குப் படுக்கையோடு ஏறி வந்த மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுள் ஒருவர் எங்கள் தெருவில் ரொட்டி சுடுகிறவர். என் வெட்கத்தை மறைக்க நான் இழுத்த ஒரு நெம்புகோலுக்காக எத்தனை பேர் இருளில் மலையேறினார்கள் என்று எண்ணியபோது, முழங்கால் வலி சிறிதாகிவிட்டது.

அறுவை மருத்துவத்திற்குப் பின் படுக்கையில் கிடந்த வாரங்களில் வேறொரு நெம்புகோல் நினைவுக்கு வந்தது. முந்தைய திருவருகைக் காலத்தில் பாடகர் குழுவின் இளையோர் நால்வர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். கழன்று போகிறார்களே என்று நான் விதியை இறுக்கினேன்: இருமுறை பயிற்சிக்கு வராதவர் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் பாடக்கூடாது. அறிவிப்பைக் கோவில் கதவில் ஒட்டினேன். அவர்கள் திருப்பலிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். “பார்த்தீர்களா, பற்றில்லாதவர்கள்” என்று மறையுரையிலேயே சொன்னேன்.

அந்நால்வரில் ஓர் இளைஞன் நலம் விசாரிக்க வந்தான். முதன்முறையாக அவனிடம் காரணம் கேட்டேன். அவன் வியப்போடு சொன்னான்: “வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் எல்லோரும் விடுதிச் சமையலறையில் இருக்கிறோம், ஃபாதர். சனிக்கிழமைதோறும் விருந்தினர் மாறுவார்கள். குளிர்காலம் முழுவதும் அப்படித்தானே!” குளிர்காலச் சுற்றுலாவை நம்பி வாழும் பள்ளத்தாக்கின் பங்குத்தந்தைக்கு அது தெரியவில்லை. நகமளவு பனிக்கட்டி! பயிற்சியைத் திங்கட்கிழமைக்கு மாற்றினோம். மூவர் திரும்பி வந்தார்கள். ஒரு பெண் வரவேயில்லை. மறையுரையில் நான் சொன்ன சொல்லை அவள் கேட்டிருந்தாள்.

மறு ஆண்டு கோவில்பிள்ளை எனக்கு ஓர் ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தார். மாட்டுமுன் சிறகுகளுக்கு அடியிலும் காலணிக் குழிகளிலும் பனியைச் சுரண்டி எடு. முன்முனையை மட்டும் பொருத்தி, குதிகாலைத் தூக்கிப் பலமுறை ஆட்டு. எஞ்சிய பனி உதிரும். இரு முளைகளும் சமமாகப் பதிந்தனவா என்று கண்ணால் பார். நெம்புகோல் இறக்கத்திற்குரிய நிலையில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். காலணியை மாற்றினால், குதிகாலுக்கும் பின்பிடிக்கும் உள்ள இடைவெளியை மீண்டும் அளந்து சரிசெய். ஆண்டுக்கு ஒருமுறை கடையில் கொடுத்துக் கருவியால் சோதித்து வாங்கு. திருகுகள் தளர்ந்தால் முடுக்கப் பையில் ஒரு திருப்புளி வை. இத்தனைக்குப் பிறகும் கழன்றால், இறுக்குவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

பூட்டு தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. உறைந்த சரிவில் ஏறுகிறவனுக்கு அது உயிர்க்காவல். திருச்சபையின் ஒழுங்குகளும் அத்தகையனவே. ஆனால் கட்டும் அதிகாரமும் அவிழ்க்கும் அதிகாரமும் ஒரே கரத்தில் தரப்பட்டதன் பொருளை இப்போது ஓரளவு உணர்கிறேன். விடவேண்டிய நேரத்தில் விடத் தெரியாத பிணைப்பு, தாங்க வந்த காலையே முறிக்கிறது.

இன்று ஒப்புரவு அருட்சாதனத்திற்காக அமரும்போது, ஒருவர் விலகிப் போனதாகச் சொன்னால் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: “எப்போதிலிருந்து? அப்போது என்ன நடந்தது?” பெரும்பாலும் ஏதோ ஒன்று அடியில் இறுகிக் கிடக்கிறது. சில வேளைகளில் அது ஒரு குருவானவரின் சொல்லாகவும் இருக்கிறது. மழை நாட்களில் வலது முழங்கால் இலேசாக வலிக்கும். அப்போது நான் அந்தப் பெண்ணுக்காகச் செபிக்கிறேன்.